பிரேக் ரெசிஸ்டர் கொதித்தால்: ராம்ப்பை நீட்டுவதா, ரெசிஸ்டரைப் பெரிதாக்குவதா, ரீஜென் வாங்குவதா?

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. துணியிலிருந்து தண்ணீரைப் பிழியும் ஹைட்ரோ மெஷினின் பேனலில் கருகல் வாடை வருகிறது என்று இரவு ஷிப்ட் எலக்ட்ரீசியன் கூப்பிட்டார். "ரெண்டு மாசத்துல இது மூணாவது ரெசிஸ்டருங்கண்ணா. சரக்கே சரியில்லீங்க. பேசாம ரீஜென் போட்டுரலாமான்னு முதலாளி கேக்கறாருங்க."

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "டிரம்மை நிறுத்தறப்ப சூடாகுதா, இல்ல மெஷின் சும்மா இருக்கறப்பவும் சூடா இருக்குதா?"

அவருக்குத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று தடவையும் கருகின பிறகுதான் யாரோ பேனலைத் திறந்திருக்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எதை வாங்கிப் போட்டாலும் அது குருட்டாம்போக்குதான். ராம்ப்பை (டிரம் வேகம் குறைந்து நிற்க எடுக்கும் நேரத்தை) நீட்டலாம், பெரிய ரெசிஸ்டர் போடலாம், நிறுத்தும்போது வரும் சக்தியை லைனுக்கே திருப்பும் ரீஜென் யூனிட் வாங்கலாம், மெக்கானிக்கல் பிரேக்குக்கே திரும்பலாம். எல்லாமே சரியான வழிகள்தான், அதது அதனதன் இடத்தில். எது எந்த இடத்துக்கு என்பதுதான் இங்கே பேச்சு.

ஒரு சின்ன விஷயம். ரெசிஸ்டரை மின்தடை என்று எழுதலாம்தான். ஆனால் நம் ஊரில் மின்தடை என்றால் கரன்ட் கட். அதனால் ரெசிஸ்டர் என்றே எழுதுகிறேன்.

வேலை செய்யும் விதம் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். 415 வோல்ட் மூன்று பேஸ், மோட்டாரின் வேகத்தை ஆளும் பெட்டியான டிரைவுக்குள் போய் டிசி ஆகும்போது, அதன் உள்ளே ஓடும் டிசி லைனான பஸ்ஸில் 560 முதல் 590 வோல்ட் வரை நிற்கும். சுற்றுகிற பாரத்தை டிரைவ் பிடித்து நிறுத்தும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சக்தியைத் திருப்பி அந்த பஸ்ஸுக்குள் தள்ளும். முன்பக்க டயோடுகள் ஒருவழிப் பாதை என்பதால் அது லைனுக்குப் போக முடியாது. பஸ் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். 800-ஐத் தாண்டினால் டிரைவ் ஓவர் வோல்டேஜ் காட்டி டிரிப் ஆகிவிடும். அதற்கு முன்பே, பல டிரைவ்களில் 760, 780 வோல்ட் வாக்கில், சாப்பர் டிரான்சிஸ்டர் ஆன் ஆகி ரெசிஸ்டரை பஸ்ஸுக்குக் குறுக்கே போடும். வந்த சக்தி அங்கே சூடாகக் கழியும். ஆக, ரெசிஸ்டர் சூடாவது கோளாறு இல்லை, அதன் வேலையே அதுதான். முழு வேலையில் இருக்கும் ரெசிஸ்டரின் மேல்பரப்பு 200 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கோளாறு எப்போது என்றால், வேலையே இல்லாதபோது சூடானால், அல்லது அதற்கு எழுதிவைத்த அளவை மீறிச் சூடானால்.

சும்மா இருக்கும்போது சூடா?

மெஷினை நிறுத்தி, டிரைவுக்கு மட்டும் சப்ளை கொடுத்து, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். ரெசிஸ்டரைக் கையால் தொட வேண்டாம். அதன் ஒரு முனை எப்போதும் பஸ்ஸின் பாசிட்டிவில்தான் இருக்கிறது, பிரேக் போடாதபோதும். தூரத்திலிருந்து அளக்கும் தெர்மாமீட்டர் போதும். ஆனால் பளபளக்கும் அலுமினிய உடம்பில் அது நிஜத்தைவிட நிறையக் குறைத்துக் காட்டும். சூடு தாங்கும் கறுப்பு பெயின்ட்டை ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பூசி அந்த இடத்தைப் பார்த்தால் நம்பலாம்.

ரெசிஸ்டர் ஆறியே இருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு இல்லை. சூடாக இருந்தால் டிரைவின் மானிட்டரில் டிசி பஸ் வோல்டேஜைப் பாருங்கள். 580 வாக்கில் அமைதியாக நிற்கிறது, ஆனாலும் ரெசிஸ்டர் கொதிக்கிறது என்றால் சாப்பர் டிரான்சிஸ்டர் ஷார்ட். இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 40 ஓம் ரெசிஸ்டர் 24 மணி நேரமும் பஸ்ஸுக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தால் அதில் சுமார் 8 கிலோவாட் ஓடும். 500 வாட் பெட்டியில் 8 கிலோவாட்! லைனில் அது இழுப்பது 11 ஆம்பியர்தான். 63 ஆம்பியர் எம்சிசிபிக்கு (மெயின் பிரேக்கருக்கு) அது ஒரு பொருட்டே இல்லை, டிரிப் ஆகவே ஆகாது. ரெசிஸ்டர் சிவந்து, வயர் உருகி, பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதுவும் பற்றிக்கொள்ளும் வரை யாருக்கும் தெரியாது.

வேறொரு இடத்தில் இதை நேரில் பார்த்தேன். ரெசிஸ்டரில் தெர்மல் ஸ்விட்ச் இருந்தது, ஒயரிங்கும் செய்திருந்தார்கள். ஆனால் அதை டிரைவின் ரன் கமாண்டோடு சேர்த்திருந்தார்கள். சூடானதும் ஸ்விட்ச் திறந்தது, டிரைவ் நின்றது. பஸ் வோல்டேஜ் நிற்குமா? டிரைவை நிறுத்தினாலும் லைன் உள்ளேதானே இருக்கிறது. ஷார்ட்டான டிரான்சிஸ்டர் வழியாக ரெசிஸ்டர் தொடர்ந்து எரிந்தது. சூடானதும் தெர்மல் ஸ்விட்ச், டிரைவுக்கு முன்னால் இருக்கும் மெயின் கான்டாக்டரின் காயில் சப்ளையைத் துண்டிக்க வேண்டும். கீழே வரப்போகும் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஷார்ட்டைச் சோதிக்க சப்ளையை அணைத்து, மேனுவல் சொல்லும் நேரம் வரை பொறுத்து, பஸ்ஸில் வோல்ட் இல்லை என்று மீட்டரில் பார்த்த பிறகு, ரெசிஸ்டர் வயர்களைக் கழற்றுங்கள். பிரேக் டெர்மினலுக்கும் பஸ்ஸின் நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டரின் டயோடு மோடில் இரண்டு பக்கமும் பாருங்கள். இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் தீர்ப்பு வந்துவிட்டது. டெர்மினல் பெயர்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: ஒன்றில் பி1, பி2 என்று இருக்கும், இன்னொன்றில் பிபி, டான்ஃபாஸ் விஎல்டியில் 81, 82.

பஸ் வோல்டேஜே உயரத்தில் இருந்தால் கதை வேறு. நம் டிரான்ஸ்ஃபார்மர்களின் செகண்டரியே 433 வோல்ட். அதன் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை ஒரு படி ஏற்றி வைத்திருந்து, பாரமில்லாத இரவில் கெபாசிட்டர் பேங்க்கும் லைனிலேயே கிடந்தால் 460 வரை போவதைப் பார்க்கலாம். அப்போது பஸ் 650. டிரைவுக்குள்ளேயே இருக்கும் சாப்பருக்கு இது எட்டாது. ஆனால் வெளியே தனியாகப் போடும் பிரேக்கிங் யூனிட்டுகளில் சப்ளை வோல்டேஜுக்கு ஏற்ப ஜம்பர் மாற்ற வேண்டும். 380-க்கான இடத்தில் ஜம்பர் கிடந்தால் சில யூனிட்டுகள் 660 வாக்கிலேயே வேலையைத் தொடங்கிவிடும். அந்த 650 அதை உரசிக்கொண்டே இருக்கும், ரெசிஸ்டரும் காரணமே இல்லாமல் கதகதப்பாகவே இருக்கும். ஜம்பரை மாற்றிவைக்கக் காசு எதுவும் செலவில்லை.

மூன்றாவது ஒன்று உண்டு, சட்டென்று யாருக்கும் தோன்றாதது. மெஷின் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது ரெசிஸ்டர் சூடாகிறது. ஒரே கன்வேயரையோ ஒரே ரோலரையோ இரண்டு மோட்டார், இரண்டு டிரைவ் சேர்ந்து இழுக்கும் இடங்களில் இது வரும். இரண்டும் இம்மியளவு வேறு வேகத்துக்கு முயலும். வேகமானது இழுக்கும், மெதுவானது பிடித்து நிறுத்தப் பார்க்கும். ஒன்று சம்பாதித்ததை இன்னொன்று ரெசிஸ்டரில் கொட்டுகிறது. இதற்குப் பெரிய ரெசிஸ்டர் போடுவது ஓட்டைக் குடத்துக்குப் பெரிய கயிறு கட்டுவது போல. ஒன்றை டார்க் மோடில் (வேகத்தை விட்டு, சுழற்றும் விசையை மட்டும் பார்க்கும் மோடில்) பின்தொடரவிடுங்கள், அல்லது பாரம் ஏறும்போது வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் ட்ரூப் செட்டிங்கைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

நிறுத்தும்போது மட்டும் சூடா? அப்போது கணக்கு

அந்தச் சாயப்பட்டறையில் சும்மா இருக்கும்போது ரெசிஸ்டர் ஜில்லென்று இருந்தது. ஆக, கோளாறு இல்லை. கணக்குத்தான் பிசகியிருக்கிறது.

ஐந்தடி விட்டமுள்ள கூடை. கூடையும் பிழிந்த துணியுமாகச் சேர்ந்து 450 கிலோ என்று வையுங்கள். தண்ணீரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், நிறுத்தும் நேரத்தில் அது வெளியே போயிருக்கும். எடையில் பெரும்பகுதி விளிம்பை ஒட்டி இருப்பதால் சுழற்சி ஆரம் 0.6 மீட்டர் என்று எடுத்தால் இனர்ஷியா (எடையை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கியது) 162 வரும். வேகம் 750 ஆர்பிஎம், அதாவது நொடிக்கு 78.5 ரேடியன். பாதி இனர்ஷியாவை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 5 லட்சம் ஜூல். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் இந்த 5 லட்சம் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும்.

பத்து நிமிடத்துக்கு ஒரு பேட்ச், 60 நொடியில் நிறுத்தம். சராசரி எடுத்தால் 5 லட்சத்தை 600 நொடியால் வகுக்க வேண்டும்: 833 வாட். பேரிங்கும் காற்றும் கொஞ்சத்தைத் தின்னும். அதைக் கழித்தாலும் 700-க்கு மேல். மாட்டியிருந்தது 40 ஓம், 500 வாட். சரக்கின் மேல் தப்பே இல்லை.

வாங்கியவர் இதை எப்படித் தவறவிட்டார்? கேட்லாக்கில் "10 சதவீதம் ஈடி" என்று போட்டிருந்தது, அதாவது ஒரு சுற்று நேரத்தில் பிரேக் போடக்கூடிய பங்கு. பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம் பிரேக், அதுவும் 10 சதவீதம்தானே என்று நினைத்திருக்கிறார். அந்த 10 சதவீதத்துக்குப் பின்னால் ஒரு சுற்று நேரம் ஒளிந்திருக்கிறது. பல கேட்லாக்குகளில் அது 120 நொடி. அதாவது ஒரே மூச்சில் 12 நொடிதான் பிரேக் போடலாம், பிறகு 108 நொடி ஆற விட வேண்டும். ஒரே மூச்சில் 60 நொடி என்பது அந்த 10 சதவீதத்தில் அடங்காது. அந்த ஒரு நிமிடத்தில் வெளியே போகும் சூடு கொஞ்சம்தான், பெட்டியின் எடைதான் முழுதையும் தாங்க வேண்டும். ஒன்றரைக் கிலோ அலுமினியத்தில் நாலரை லட்சம் ஜூலைக் கொட்டினால் 300 டிகிரிக்கு மேல் ஏறும். பேனலின் சூடு அதற்கு மேல். ரெசிஸ்டர் வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள் என்று சொல்வது விளையாட்டுக்கு இல்லை.

ஓமை மாற்றினால் சூடு குறையும் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. குறையாது. ஓம் தீர்மானிப்பது எவ்வளவு வேகமாக விழுங்கலாம் என்பதை. 780 வோல்ட்டில் 40 ஓம் என்றால் அதிகபட்சம் 15 கிலோவாட். நம் கூடைக்கு ஆரம்ப நொடியில் அதற்கு ஒட்டினாற்போல் வேண்டும், ஆகவே 40 சரியான தேர்வு. ஓமைக் கூட்டினால் டிரைவ் ஓவர் வோல்டேஜில் விழும். குறைத்தால் ஒருநாள் சாப்பர் டிரான்சிஸ்டர் போகும், ஏனென்றால் ஒவ்வொரு டிரைவுக்கும் இதற்குக் கீழே போகாதே என்று ஒரு ஓம் வரம்பு உண்டு. இரண்டுக்கும் நடுவில் எங்கே வைத்தாலும் கொட்டுகிற ஜூல் அதேதான்.

ராம்ப்பை நீட்டுவது

டீசெல் டைமை (வேகம் குறைந்து நிற்கும் ராம்ப் நேரத்தை) 60-லிருந்து 120 நொடிக்கு மாற்று, பாதிச் சூடு குறைந்துவிடும் என்பதுதான் போனில் முதலில் வரும் அறிவுரை. செலவில்லாத வழி என்பதால் எனக்கும் பிடிக்கும். ஆனால் என்ன கிடைக்கும் என்று பார்க்கலாம். ராம்ப்பை நீட்டினால் உச்ச கிலோவாட் பாதியாகும். மொத்த ஜூல் பாதியாகாது. கூடைக்குள் இருக்கும் சக்தி, மெதுவாக நிறுத்துகிறோம் என்பதற்காகக் குறைந்துவிடாது. உரசல் தின்னும் பங்கு மட்டும்தான் கூடும்.

அந்தப் பங்கை அளக்க எளிய வழி: ஒரு தடவை பிரேக் இல்லாமல் தானாக நிற்க விட்டு நேரத்தைக் குறியுங்கள். எட்டு நிமிடம் ஆனது என்று வைப்போம், 480 நொடி. 60 நொடியில் நிறுத்தும்போது உரசலின் பங்கு 480-இல் 60, அதாவது எட்டில் ஒன்று. 120 நொடி என்றால் நான்கில் ஒன்று. ரெசிஸ்டருக்குப் போவது 4,37,000 ஜூலிலிருந்து 3,75,000-க்கு இறங்குகிறது. அவ்வளவுதான். பேட்ச் நேரம் 11 நிமிடமாக நீள்வதையும் சேர்த்தால் சராசரி 730 வாட்டிலிருந்து 570-க்கு வரும். உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கை இழந்தும் 500 வாட் பெட்டி இன்னும் வரம்புக்கு வெளியேதான்.

ஓவர் வோல்டேஜ் டிரிப்புக்கு ராம்ப் நல்ல மருந்து. ரெசிஸ்டர் கருகுவதற்கு அரை மருந்து. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வதால்தான் பல பேனல்களில் ராம்ப் வருடா வருடம் நீண்டுகொண்டே போகிறது.

இன்னொரு தொல்லை மனிதர்களிடமிருந்து வரும். டிரம் நிற்க இரண்டு நிமிடம் ஆனால், பேட்ச் கணக்கு முடிக்கிற அவசரத்தில் இருப்பவர் சுற்றும்போதே மூடியைத் திறக்கப் பார்ப்பார். மூடியின் பூட்டு டைமரில் ஓடுகிறதா, ஜீரோ ஸ்பீடைப் பார்த்துத் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். டைமராக இருந்தால், ராம்ப்பை நீட்டிய அன்றே அந்தப் பூட்டு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். டிரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போது மூடி திறக்கும்.

கிரேனில் பாரத்தை இறக்குவதற்கு இந்த வழி பேச்சுக்கே இடமில்லை. பத்து டன்னை நிமிடத்துக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் இறக்கினால் 8 கிலோவாட் கீழே இறங்குகிறது. எட்டு மீட்டர் இறக்க 96 நொடி, அத்தனை நொடியும் பிரேக்தான். இங்கே டீசெல் டைம் ஒன்றும் செய்யாது. மெதுவாக இறக்கினாலும் நேரம் கூடுமே தவிர ஜூல் அதேதான். கிரேன் ரெசிஸ்டரை 10 சதவீத ஈடியில் வாங்கியிருந்தால், அது கருகுவது நாள் கணக்குத்தான்.

சூட்டை மோட்டாருக்கு மாற்றுவது

டிசி இன்ஜெக்‌ஷன், ஃப்ளக்ஸ் பிரேக்கிங் என்று டிரைவ் மெனுவில் இருக்கும். ரெசிஸ்டரில் போக வேண்டிய சூட்டை மோட்டாரின் ரோட்டாருக்கும் வைண்டிங்குக்கும் தள்ளிவிடும் ஏற்பாடு இது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை நிற்கும் மெஷினுக்கு அருமை, ரெசிஸ்டரே வேண்டாம். மணிக்கு ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் 4 லட்சம் ஜூல் என்றால் ரெசிஸ்டர் விலையை மிச்சம் பிடித்து மோட்டாரை ரீவைண்டிங்குக்கு அனுப்புவீர்கள்.

பெரிய ரெசிஸ்டர்

பார்க்கச் சாதாரணமான வழி. பெரும்பாலான இடங்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஓம் மாறாமல் வாட்டை மட்டும் ஏற்ற வேண்டும். 40 ஓம், 2 கிலோவாட் என்று ஒரே பெட்டியாகக் கிடைக்கும். கையில் 500 வாட் பெட்டிகள் ஸ்பேரில் கிடந்தால் இன்னொரு வழி: நான்கை எடுத்து, இரண்டிரண்டாக சீரிஸில் போட்டு, அந்த இரண்டு ஜோடியையும் பேரலலில் சேருங்கள். மீட்டர் அதே 40 ஓம் காட்டும், வாட் 2,000 ஆகிவிடும், எடையும் நான்கு மடங்கு. முன்பு 300 டிகிரி ஏறியது இப்போது 80-இல் நின்றுவிடும். இரண்டை மட்டும் பேரலலில் போடுவதைத்தான் செய்யக் கூடாது. 20 ஓம் ஆகிவிடும், சாப்பர் வழியாக 39 ஆம்பியர் ஓடும், பல 15 கிலோவாட் டிரைவ்களின் சாப்பர் அதைத் தாங்காது.

எங்கே வைப்பது என்பது வாட்டுக்குச் சமமான விஷயம். பேனலுக்குள் வைத்தால் அந்த 700 வாட்டும் டிரைவின் தலையில்தான் விடியும். ரெசிஸ்டரைக் காப்பாற்றப் போய் டிரைவின் கெபாசிட்டர்களின் ஆயுளைச் சுருக்கிவிடுவோம். பேனலுக்கு வெளியே, மேலே அல்லது சுவரில், ஓட்டை போட்ட தகரப் பெட்டிக்குள் வையுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், கீழே இருப்பதன் சூட்டில் மேலே இருப்பது வேகும். கேபிள் பத்து மீட்டருக்குள் இருக்கட்டும், இரண்டு வயரையும் முறுக்கிக் கொண்டுபோங்கள். கடைசி ஒரு முழத்துக்கு பிவிசி வயர் வேண்டாம், ஃபைபர் கிளாஸ் ஸ்லீவ் போட்ட சூடு தாங்கும் வயர். டெர்மினலில் வயர் கருகி லூசாகி, அந்த லூஸ் காண்டாக்டே தீப்பொறி விட்டதை ரெசிஸ்டர் கருகிவிட்டது என்று எண்ணி மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பின்னிங் மில், நிட்டிங் பக்கம் என்றால் பஞ்சுத் தூசி. 200 டிகிரியைத் தாண்டும் பெட்டியின் மேல் பஞ்சு படிந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அங்கே ரெசிஸ்டர் ஷெட்டுக்கு வெளியே போய்விட வேண்டும். சாயப்பட்டறையில் பஞ்சு குறைவு, ஆனால் நீராவியும் ஆசிட் காற்றும். ஈரம் இறங்கினால் உடம்புக்கு லீக்கேஜ் வரும், டிரைவ் எர்த் ஃபால்ட் காட்டும். வருடத்துக்கு ஒரு தடவையாவது டிரைவிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு ரெசிஸ்டருக்கு மட்டும் மெக்கர் (லீக்கேஜ் பார்க்கும் உயர் வோல்டேஜ் மீட்டர்) போடுங்கள். கழற்றாமல் போட்டால் டிரைவுக்குச் சங்கு.

டிரைவில் ரெசிஸ்டரின் ஓம், வாட் கேட்கும் பாராமீட்டர் இருந்தால் புது எண்களைப் போட மறக்காதீர்கள். பழைய 500-ஐ அப்படியே விட்டால் நல்ல ரெசிஸ்டரை வைத்துக்கொண்டு டிரிப் வாங்குவீர்கள். பிரேக் ஆன் என்று வைத்துவிட்டு, பஸ் வோல்டேஜ் ஏறும்போது ராம்ப்பைத் தானாக நீட்டும் வசதியையும் ஆன் ஆகவே விட்டிருந்தால் அதையும் அணையுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

ரீஜென்

முதலாளி கேட்ட கேள்விக்கு வருவோம். ரீஜென் யூனிட்டோ, ஆக்டிவ் ஃப்ரன்ட் எண்ட் டிரைவோ வைத்தால் சக்தி சூடாக வீணாகாமல் லைனுக்கே திரும்பும். கேட்க இனிமையாக இருக்கிறது. விற்பவர் வந்து "கரன்ட் பில் குறையும்" என்பார், அது பொய்யும் இல்லை. எவ்வளவு குறையும்?

ஒரு நிறுத்தத்துக்கு 4,37,000 ஜூல். 36 லட்சம் ஜூல் சேர்ந்தால் ஒரு யூனிட். ஆக, ஒரு நிறுத்தம் 0.12 யூனிட். நாளைக்கு 20 மணி நேரம், 120 நிறுத்தம், 14 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். போகும் வழியில் மோட்டார், டிரைவ் இழப்பு போக 13 என்று வையுங்கள். யூனிட் 8 ரூபாய் என்று கணக்கிட்டால் நாளைக்கு 104 ரூபாய், 300 நாளுக்கு 31,200. கொட்டேஷனில் இருக்கும் விலையை இந்த 31,200-ஆல் வகுத்து, எத்தனை வருடம் என்று பாருங்கள். ஒரு ஹைட்ரோவுக்கு நான் போட மாட்டேன்.

ஆனால் சர்க்கரை ஆலையின் பேட்ச் சென்ட்ரிஃப்யூகல் வரிசை, நாள் முழுக்கப் பாரம் இறக்கும் பெரிய ஹாயிஸ்ட், சரிவில் கீழே வரும் கன்வேயர் என்று போனால் கணக்கு தலைகீழ். சராசரியாக 5 கிலோவாட் பிரேக்கில் போகிற இடத்தில் 20 மணி நேரத்துக்கு 100 யூனிட், வருடத்துக்கு 2,40,000 ரூபாய். அங்கே ரெசிஸ்டர் போடுவதுதான் வீண் செலவு. அத்தனை சூட்டை வெளியேற்ற அறையும் ஃபேனும் வேண்டியிருக்கும். என் கைக்கணக்கு: சராசரி ஒன்றிரண்டு கிலோவாட் வரை ரெசிஸ்டர், ஐந்தைத் தாண்டினால் ரீஜென் கொட்டேஷன் வாங்காமல் இருக்கக் கூடாது, நடுவில் இருப்பதற்கு இடம், சூடு, ஆள் எல்லாம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நம் ஊருக்கே உரிய இரண்டு சிக்கலை விற்பவர்கள் சொல்வதில்லை. கரன்ட் போகும் நொடியில் திருப்பித் தள்ள லைன் இல்லை. ரீஜென் யூனிட்டால் அப்போது பிரேக் போட முடியாது. ரெசிஸ்டருக்கு அந்தக் கவலை இல்லை. லைன் போனாலும் பாரமே பஸ்ஸைத் தூக்கிப் பிடிக்கும் வரை அது நிறுத்தும். இரண்டாவது, டீசல் ஜெனரேட்டர். ஜெனரேட்டரில் வேறு பாரம் போதுமான அளவு ஓடிக்கொண்டிருந்தால் ரீஜென் தள்ளுவதை அது உறிஞ்சிக்கொள்ளும். ராத்திரி ஒரே ஒரு மெஷினை மட்டும் ஜெனரேட்டரில் ஓட்டினால், ரீஜென் திருப்பி விடும் சக்தி இன்ஜினைத் தள்ளப் பார்க்கும், வோல்டேஜும் வேகமும் ஆடும், ரிவர்ஸ் பவர் ரிலே இருந்தால் ஜெனரேட்டரே விழும். அதனால் ரீஜென் போட்ட பல இடங்களில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றையும் துணைக்கு வைக்கிறார்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, பொது டிசி பஸ். நான்கு ஹைட்ரோ அடுத்தடுத்து இருந்தால் ஒன்று நிற்கும்போது வரும் சக்தியில் இன்னொன்று கிளம்பும். கரன்ட்டும் மிச்சம், ரெசிஸ்டர் வேலையும் குறைவு. புதிதாக லைன் போடுகிறவர்கள் கண்டிப்பாக யோசிக்கலாம். ஏற்கெனவே ஓடும் நான்கு பேனலை, அதுவும் வேறு வேறு கம்பெனி டிரைவை, பஸ்ஸோடு பஸ் இழுத்துக் கட்டுவது மட்டும் வேண்டாம். ஒன்றின் கெபாசிட்டரை இன்னொன்றின் சார்ஜிங் சர்க்யூட் நிரப்பப் போகும், ஃப்யூஸ் அளவு தப்பினால் ஒன்றின் ஷார்ட் நான்கையும் கொண்டுபோகும்.

மெக்கானிக்கல் பிரேக்கைப் பற்றி ஒரே வரி. தேய்வதற்கு லைனிங் உண்டு, எமர்ஜென்சிக்கும் நிறுத்திப் பிடிக்கவும் அது இருக்கட்டும், தினசரி 120 தடவைக்கு வேண்டாம். கிரேனில் மட்டும் ரெசிஸ்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பாரத்தைத் தாங்கிப் பிடிப்பது மெக்கானிக்கல் பிரேக்தான்.

அந்தச் சாயப்பட்டறையில் கடைசியில் செய்தது இதுதான். ஸ்டோரில் ஏற்கெனவே இரண்டு 500 வாட் இருந்தது, இன்னும் இரண்டு வாங்கி நான்கையும் சேர்த்து பேனலுக்கு மேலே பெட்டிக்குள் மாட்டினோம். தெர்மல் ஸ்விட்ச்சுகளை சீரிஸில் போட்டு மெயின் கான்டாக்டர் காயிலுக்குக் கொண்டுபோனோம். ராம்ப்பை 60-லிருந்து 75-க்கு மட்டும் ஏற்றினோம், உச்சத்தில் கொஞ்சம் மூச்சுவிட. மூடிப் பூட்டின் டைமரை எடுத்துவிட்டு டிரைவின் ஜீரோ ஸ்பீடு ரிலேயைக் கொடுத்தோம்.

மாட்டிய அன்று முதல் நிறுத்தத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பக் கூடாது. ஒவ்வொரு நிறுத்தம் முடிந்ததும் கறுப்புப் புள்ளியில் அளந்து எழுதிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஏறும், ஏறும் அளவு சுருங்கிக்கொண்டே வரும். ஒன்றரை மணி நேரம் கழித்து, அடுத்தடுத்த இரண்டு நிறுத்தங்கள் ஒரே எண்ணைக் காட்டி, அது கேட்லாக் வரம்புக்கும் தெர்மல் ஸ்விட்ச் அளவுக்கும் நன்றாகக் கீழே இருந்தால், பேனலைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.